கப்பலின் நீளம் எது?

மும்பையிலும் கொல்கத்தாவிலும் விசாகப்பட்டினத்திலும் வாழும் நம்மவரிற் பலர், இரவில் துறைமுகத்தருகே நின்று கப்பல் விளக்குகளைக் கண்டிருப்பர். சில கப்பல்களில் உயரே ஒரு வெண்விளக்கே எரியும். பெரியனவற்றில் இரண்டு எரியும். இரண்டனுள் பின்னது உயரமானது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றின் கப்பல் நம்மை நோக்கி வருகின்றது. விலகித் தோன்றின் குறுக்கே செல்கின்றது. எத்துணை நீளமுள்ள கப்பலுக்கு இரண்டாம் விளக்கு வேண்டும்? அந்நீளத்தை எங்கிருந்து எதுவரை அளப்பது? இவ்வினாக்களுக்குத் திட்டமான விடை காண உலக நாடுகளுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

கடலில் கப்பல்கள் மோதாதிருக்க 1863-இல் பிரிட்டனும் பிரான்சும் பொதுவிதிகளை ஏற்றன. 1889-இல் வாஷிங்டனில் பல நாட்டினரும் கூடி விதிகளை ஆராய்ந்தனர். அதன்பின் எழுந்த விதிகள் சிறு கலங்களுக்கு விளக்கு வகையிற் சலுகை தந்தன. ஆயினும் சிறுமைக்கு அளவாகக் கொண்டது நீளமன்று, டன். 40 டன்னுக்குக் குறைந்த நீராவிக் கலமும், 20 டன்னுக்குக் குறைந்த பாய்க்கலமும் சிறு கலங்கள் எனப்பட்டன. இந்த டன் எடையைக் குறிப்பதன்று. 100 கனஅடி உள்ளிடமே ஒரு டன். கலத்தின் உள்ளிடம் அதன் நீளத்தை நமக்கு அறிவிப்பதில்லை.

1948-ஆம் ஆண்டு விதிகள் 150 அடி நீளமுள்ள விசைக் கப்பலுக்கு இரண்டாம் வெண்விளக்கைக் கட்டாயமாக்கின. நீளம் என்பது யாது? பதிவுச் சான்றிதழில் எழுதிய நீளமே என்றன அவ்விதிகள். அந்நீளமோ, பொதுவாக, முன்தலையிலிருந்து சுக்கான் தண்டுவரை அளந்தது. அதற்கப்பால் நீண்டிருக்கும் பின்பகுதி ஏட்டில் ஏறவில்லை. ஏட்டில் இல்லாத அப்பகுதியும் கடலில் இருந்தது; மோதினால் அதுவும் மோதும்.

1960-இல் இக்குறை நீங்கிற்று. நீளமென்பது முனையிலிருந்து முனைவரை உள்ள முழுநீளம் என்று விதி கூறிற்று. சிறு கலங்களுக்கான டன் கணக்கும் ஒழிந்து, விசைக் கலத்துக்கு 65 அடியும், பாய்க்கலத்துக்கும் துடுப்புக் கலத்துக்கும் 40 அடியும் வரம்பாயின. 1972-இல் லண்டனில் ஏற்று, 1977 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் அவ்விலக்கணத்தையே கொண்டு, அடியை மீட்டராக மாற்றின. இரண்டாம் விளக்குக்கு 50 மீட்டர் வரம்பாயிற்று. நம் நாடும் 1975-இல் இவற்றைத் தன் விதிகளாக்கிக் கொண்டது.

இதனால் விளைந்த பயன் யாது? குறுகிய நீர்வழியில், அவ்வழியன்றி வேறு வழியிற் செல்லவியலாத பெருங்கப்பலுக்கு 20 மீட்டருக்குக் குறைந்த கலம் இடையூறு செய்தலாகாது என்பது விதி. ஏட்டில் 19 மீட்டரும், முனைக்கு முனை 21 மீட்டரும் உள்ள படகை அவ்விதி 21 மீட்டராகவே கொள்ளும். எத்தகைய விளக்கு ஏந்துவது, யாருக்கு வழிவிடுவது என்பதெல்லாம் இவ்வளவைப் பொறுத்தவை. இருளில் எதிரெதிரே வரும் இரு மாலுமிகளின் உயிர், இருவரும் ஒரே அளவுகோலைக் கொள்வதிலும் அடங்கியுள்ளது. துறைமுகத்தில் இனி இரட்டை விளக்கைக் காணுங்கால் இதனை நினைவிற் கொள்வோமாக.