டயாலிசிஸ் என்றதும் இடிந்துபோக வேண்டாம்: அதே பாதையில் நடந்தவரின் துணையைப் பெறுவது எப்படி?

நியாலாஸ் – “உங்கள் சிறுநீரகம் இனி அதிக நாள் தாங்காது. கையில் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளுங்கள்.” மருத்துவர் இப்படிச் சொன்னதும் வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் படுத்துவிடுபவர்கள் நம்மில் பலர். ‘கத்தி வைத்தால் கை போய்விடும்’, ‘டயாலிசிஸ் தொடங்கினால் அதோடு சரி’ என்று அக்கம்பக்கத்தார் சொல்வது காதில் விழும். அறுவைச் சிகிச்சைக்குக் குறித்த தேதி வரும், போகும். கடைசியில் ஒரு நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

அந்த ஓட்டத்தைப் பெரும்பாலும் தவிர்க்க முடியும். மருத்துவர் சொன்னதை, அதே சிகிச்சையைச் செய்துகொண்ட ஒருவர் நம் மொழியில் எடுத்துச் சொன்னால் பாதி பயம் குறையும். இதையே சக நோயாளர் துணை என்கிறோம். நியாலாஸ் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு அந்தத் துணை இன்று கைப்பேசி வழியாகவும் கிடைக்கிறது. அதை எங்கே தேடுவது, எப்படிப் பயன்படுத்துவது, எதில் எச்சரிக்கை தேவை என்பதை இங்கே பார்ப்போம்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே இது அதிகம். நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டதற்கு இனிப்புநீரே காரணம். ஆகவே தோட்டமானாலும் தாமானானாலும், உறவினர் ஒருவராவது டயாலிசிஸ் செய்துகொள்ளும் குடும்பங்களை நம்மிடையே காண்பது அரிதல்ல.

நியாலாஸ், ஜாசின் மாவட்டத்தின் வடபகுதியில் இருக்கிறது. சிறுநீரகச் சிகிச்சைக்கு ஊரைவிட்டு வெளியே போக வேண்டியிருக்கலாம். வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் சிகிச்சை. அதோடு பயணமும் சேரும். நகரத்தில் நடக்கும் ஆலோசனைக் கூட்டத்துக்கு இதற்கு மேலும் ஒரு நாள் போய்வரப் பலருக்கு உடம்பிலும் தெம்பில்லை, கையிலும் காசில்லை. வீட்டில் இருந்தபடியே பேசக் கிடைக்கும் துணை இவர்களுக்குத்தான் மிகவும் தேவை.

அந்தக் ‘கை ஆப்ரேஷன்’ என்ன?

கையில் உள்ள ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைப்பதே இந்த அறுவைச் சிகிச்சை. இதை ஃபிஸ்துலா என்பார்கள். பெரும்பாலும் கையை மட்டும் மரத்துப்போகச் செய்து இதை முடித்துவிடுவார்கள். இணைத்த பிறகு சிரை மெல்லத் தடித்து வலுப்பெறும். டயாலிசிஸ் ஊசி குத்தும் அளவுக்கு அது முதிர 6 முதல் 8 வாரமோ, சிலருக்கு அதற்கும் மேலோ ஆகும். அதனால்தான் டயாலிசிஸ் தேவைப்படும் முன்பே செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? அவசர நேரத்தில் கழுத்துச் சிரை வழியாகக் குழாய் போட வேண்டிவரும். ஃபிஸ்துலாவை விட இந்தக் குழாயில் கிருமித் தொற்று ஏற்படும் வாய்ப்பு மிக அதிகம். அந்தத் தொற்று இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. பயந்து தள்ளிப்போடுவதால் வரும் ஆபத்து, அறுவைச் சிகிச்சையால் வரும் ஆபத்தை விடப் பெரியது.

இதை மருத்துவரும் சொல்வார். ஆனால் 5 ஆண்டுகளாக ஃபிஸ்துலாவோடு இருக்கும் ஒரு அண்ணன் காணொளி அழைப்பில் தன் கையைக் காட்டி, “இதோ பாருங்க, இந்தக் கையாலதான் சாப்பிடுறேன், மோட்டார் ஓட்டுறேன். தினமும் காலையில விரல் வச்சுப் பார்ப்பேன், உள்ளே அதிர்வு தெரியும். அது தெரியலைன்னா உடனே மருத்துவமனைக்குப் போயிடணும்” என்று சொல்லும்போது அதன் எடையே வேறு. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்க விடக்கூடாது, இரத்தம் எடுக்க விடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்பதெல்லாம் கையேட்டில் படித்ததை விட இப்படிக் கேட்டால் மனத்தில் நிற்கும்.

புதிய யோசனை அல்ல

அமெரிக்காவில் தெரீஸ் லாசர் என்ற பெண்மணி மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன் பின் எப்படி வாழ்வது என்று சொல்லித்தர ஆளில்லாததைக் கண்டு, 1952இல் அதே சிகிச்சை செய்துகொண்ட மற்றப் பெண்களை நேரில் போய்ப் பார்க்கத் தொடங்கினார். அந்த முயற்சி பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. மலேசியாவில் மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் 1986இல் தொடங்கப்பட்டது. நோயிலிருந்து மீண்ட பெண்கள் புதிய நோயாளிகளுக்குத் துணை நிற்பது அதன் பணிகளில் ஒன்று. சிறுநீரக நோயாளிகளுக்கு, 1969இல் தொடங்கிய தேசியச் சிறுநீரக அறநிறுவனம் இருக்கிறது. டயாலிசிஸ் மையங்களை நடத்துவதோடு நோயாளிகளுக்கான விழிப்புணர்வுப் பணிகளையும் அது செய்கிறது.

துணையை எங்கே தேடுவது?

முதலில் உங்கள் மருத்துவமனையில் கேளுங்கள். “இந்தச் சிகிச்சையை ஏற்கனவே செய்துகொண்ட, தமிழ் பேசுகிற யாராவது என்னிடம் பேச முடியுமா?” என்று சிறுநீரகப் பிரிவுத் தாதியிடம் கேட்பதில் வெட்கமே தேவையில்லை. அந்த நோயாளியின் சம்மதத்தோடு அவர்கள் அறிமுகப்படுத்தலாம். பெரிய அரசு மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப்பணி அதிகாரிகளும் உள்ளனர். சிகிச்சைச் செலவுக்கான உதவி, சொக்சோ சந்தாதாரர்களில் தகுதியுடையோருக்குக் கிடைக்கும் டயாலிசிஸ் உதவி ஆகியவற்றையும் அவர்களிடமே விசாரிக்கலாம்.

அடுத்து, டயாலிசிஸ் மையங்களில் ஒரே நேரத்தில் சிகிச்சை பெறுவோர் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் புலனக் குழுக்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் குரல்பதிவாகவே பேசலாம். மலாய், ஆங்கிலக் கையேடுகளில் உள்ளதை அங்கே யாராவது ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்லிவிடுவார்.

வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளும் டயாலிசிஸ் முறையும் உண்டு. பொதுவாக நாளுக்கு 4 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் அரை மணி நேரம் செலவிட்டுத் திரவத்தை மாற்ற வேண்டும். தொலைவில் வசிப்போருக்கு இது வசதியாக அமையலாம். அதைச் செய்பவர் ஒருவரிடம், வீட்டில் எந்த அறையை ஒதுக்கினார், கைகழுவும் ஒழுங்கை எப்படிக் கடைப்பிடிக்கிறார், திரவப் பெட்டிகளை எங்கே அடுக்கி வைக்கிறார் என்று கேளுங்கள். முடிவெடுக்க அது உதவும்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

அன்றாட வாழ்க்கையைப் பற்றி எதையும் கேட்கலாம். தாகத்தை எப்படிச் சமாளிப்பது? ஒரு நாளுக்கு அனுமதிக்கப்பட்ட தண்ணீரைக் காலையிலேயே ஒரு போத்தலில் அளந்து வைப்பவர்கள் உண்டு. தே தாரேக்கும் ரசமும் அந்தக் கணக்கில் சேரும் என்பதை அனுபவப்பட்டவர்தான் நினைவூட்டுவார். கருவாடு, ஊறுகாய், பெலாச்சான், கிச்சாப் ஆகியவற்றைக் குறைத்தாலே தாகம் குறையும் என்பதும் அப்படித்தான்.

ஆனால் மருந்தின் அளவை இன்னொரு நோயாளியிடம் கேட்கக் கூடாது. உணவுப் பட்டியலையும் அப்படியே பின்பற்றக் கூடாது. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவருக்கு அனுமதிக்கப்படும் பழம், இயந்திரத்தில் செய்பவருக்கு ஆகாமல் போகலாம். ஒருவருக்கு இன்னும் சிறுநீர் போகும், இன்னொருவருக்கு நின்றிருக்கும். இருவருக்கும் தண்ணீர்க் கணக்கு ஒன்றல்ல.

முக்கியமாக, ‘இரத்தக் கொதிப்புக்கு பெலிம்பிங் சாறு நல்லது’ என்பது போன்ற செய்திகள் புலனத்தில் சுற்றும். நட்சத்திரப் பழம் எனப்படும் இந்த பெலிம்பிங், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையும் பறிக்கலாம். சிறுநீரக நோயாளிகள் அதைத் தொடவே கூடாது. டுரியான், வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம். மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். பெயர் தெரியாத மூலிகைப் பொடிகளுக்கும் இதே விதிதான்.

பணம் கேட்டு வரும் செய்திகளிடமும் எச்சரிக்கை தேவை. அடையாள அட்டை எண், வங்கி விவரம், மருத்துவ அறிக்கையின் படம் எதையும் குழுவில் போடாதீர்கள். ‘சிறுநீரகம் ஏற்பாடு செய்து தருகிறோம்’ என்பவரிடமிருந்து உடனே விலகுங்கள். உறுப்பு வணிகம் சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

வீட்டில் இருப்பவர்களுக்கும்

பல குடும்பங்களில் நோயாளியை விட அதிகம் களைத்துப்போவது மனைவியோ மகளோதான். சமைப்பது, மருந்து தருவது, மையத்துக்கு அழைத்துப் போவது எல்லாம் அவர்கள் தலையில். அவர்களும் தங்களைப் போன்ற இன்னொருவரோடு பேச வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட குழுக்களில், தினமும் காலை வணக்கம் போட்டவரின் பதிவு ஒருநாள் நின்றுபோகும். அந்த இழப்பு மற்றவர்களை ஆட்டிவிடும். மனம் தாங்கவில்லை என்றால் சில நாள் குழுவிலிருந்து ஒதுங்கி இருப்பது தவறல்ல. தூக்கம் கெட்டு, சிகிச்சையே வேண்டாம் என்று தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணையோ, பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணையோ அழைக்கலாம்.

கையில் ஃபிஸ்துலா செய்துகொள்ளத் தேதி கிடைத்தும் தயங்கிக்கொண்டிருப்பவரா நீங்கள்? அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள். அதற்கு முன் ஒரே ஒருவரிடம், அதைச் செய்துகொண்டவரிடம், அரை மணி நேரம் பேசிவிடுங்கள். ஏற்கனவே செய்துகொண்டவர் என்றால், உங்கள் தாதியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: “பயப்படுகிறவர் யாராவது இருந்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.”