கரும்பலகையும் கணினியும்

வகுப்பறைக் கருவி என்றதும் இன்றைய இளைஞர் கணினியையே எண்ணுவர். அதனினும் நூறாண்டுக்கு மேல் மூத்தது கரும்பலகை. அதுவும் நமக்கு எளிதில் கிட்டியதன்று. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் மாணவராயிருந்த அண்ணல் அம்பேத்கரை, கணக்கொன்றைச் செய்து காட்டுமாறு கரும்பலகைக்கு அழைத்தார் ஆசிரியர். பலகைக்குப் பின்னால் சாதி இந்து மாணவரின் உணவுப் பெட்டிகள் இருந்தன. அவர் பலகையைத் தொடுமுன் அவற்றை அப்புறப்படுத்தக் கூச்சலிட்டு ஓடினர் மாணவர். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இச்செய்தி உள்ளது. கருவி வகுப்பறைக்குள் வந்திருந்தது. அதைத் தொடும் உரிமைதான் வரவில்லை.

மின்கருவி சிற்றூர்ப் பிள்ளைகளைப் பெரிய அளவில் எட்டியது 1975இல் எனலாம். அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நிகழ்ந்தது. (தமிழ்நாடு அவற்றுள் ஒன்றன்று.) காலையில் பள்ளிச் சிறுவர்க்கும் மாலையில் பெரியோர்க்கும் நிகழ்ச்சிகள் வந்தன. ஊருக்குப் பொதுவான பெட்டி அது. அத்துடன், தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஏறத்தாழ 50,000 பேர்க்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் அளிக்கப்பட்டது. இதனையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். பெட்டியை அனுப்பியோர் அதனருகே நிற்கும் ஆசிரியரையும் எண்ணிப் பார்த்தனர் அன்றோ?

1984இல் நடுவண் அரசு ஏறத்தாழ 250 பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கிற்று. பின்னர் அது மெல்லப் பிற பள்ளிகளுக்கும் வந்தது. நாம் இளம் ஆசிரியராய்ப் பணிபுரிந்த பள்ளியொன்றில் கணினி அறை எந்நேரமும் பூட்டியே கிடக்கும். வெள்ளிக்கிழமைகளில் அதைப் பெருக்க அழைக்கப்பட்டோர் நம் பிள்ளைகள். விசைப்பலகையைத் தொட அழைக்கப்பட்டோர் வேறு பிள்ளைகள். அன்று நாம் வாய் திறந்து கேட்கவில்லை. அக்குறை இன்றும் நெஞ்சில் உண்டு.

2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அப்பூட்டைத் திறந்தது. மேல்நிலை மாணவர் கருவியை வீட்டுக்கே கொண்டு சென்றனர். ஆயின் அதைக்கொண்டு எப்பாடத்தை எவ்வாறு நடத்துவதென்று நாமே அறிந்திருக்கவில்லை. பலர் வீட்டில் அது படம் பார்க்கவே பயன்பட்டது. மாணவரைக் குறை சொல்வதில் பயனில்லை. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில்தான் பாடத்தின் பக்கத்திலேயே க்யூ.ஆர். குறியீடு அச்சிடப்பட்டுக் கருவியும் பாடமும் கைகோத்தன.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. குறியீடு புத்தகத்தில் இருந்தது. அதைப் படிக்கும் கைப்பேசியோ தந்தையுடன் செங்கல் சூளைக்குப் போயிற்று. 2019 ஆகஸ்டு 26இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி அப்போது வகுப்புவாரியாகப் பாடம் ஒளிபரப்பியது. நம் காலனி இளைஞர் ஒரு பெட்டியைத் திண்ணைக்குக் கொணர்ந்து, பிள்ளைகளை இடைவெளிவிட்டு அமர்த்தினர். கல்லூரி மாணவர் இருவர் உடனிருந்து ஐயம் தீர்த்தனர். எந்த வகுப்புக்கு எந்நேரம் என்னும் அட்டவணையை, சுவரில் சாய்த்த பழைய கரும்பலகையில் நாள்தோறும் எழுதி வைத்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி.