மறைந்துவரும் துவக்குக் கடைகள்

ஐக்கிய அமெரிக்காவின் சிற்றூர்களிலே, ஆணியும் மண்வெட்டியும் விற்ற இரும்புக்கடைகளில் வேட்டைத் துவக்குகளும் விலைக்கிருந்த காலம் ஒன்றிருந்தது. வாங்குபவனைக் கடைக்காரன் பெயர் சொல்லி அழைத்தான். அக்கடைகள் அருகிவருவதை எண்ணி அங்கே பலர் ஏங்குகின்றனர். அவ்வேக்கத்தை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஆயின், வரலாற்றின் உரைகல்லில் அதனை உரைத்துப் பார்த்தல் நம் கடனாகும்.

1993ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனை அனுமதிக் கட்டணத்தை மூன்றாண்டுக்கு 200 டொலராக உயர்த்தியது. 1994இல் 2,45,000க்கு மேலிருந்த அனுமதி பெற்ற விற்பனையாளர் 2007இல் ஏறத்தாழ 50,000 ஆயினர். விலகியோரிற் பலர் வீட்டிலிருந்தே விற்றவர்கள். உண்மையான சிறுகடைகளையோ பெருமூலதனத்தின் பேரங்காடிகள் நெருக்கின. எனினும், துவக்குகள் குறைந்தனவா? 2017இல் அந்நாட்டுப் பொதுமக்களிடம் 39 கோடிக்கு மேற்பட்டவை இருந்தனவென ஆய்வாளர் மதிப்பிட்டனர். மறைந்தது சிறுவணிகனே, ஆயுதமன்று.

அன்றியும், அந்தப் பழைய நம்பிக்கை யாவர்க்கும் உரியதாயிருந்ததா? மிசிசிப்பி மாநிலத்தின் 1865ஆம் ஆண்டுச் சட்டம், அடிமைத்தளையினின்றும் விடுபட்ட கறுப்பின மக்கள் அனுமதியின்றித் துவக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. 1873இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் ஆயுதந் தாங்கிய வெள்ளையர் கறுப்பின மக்கள் பலரைக் கொன்று குவித்தனர்.

சிறுகடையின் வீழ்ச்சிக்காக வருந்துவோம். ஆனால், அக்கடை வாயிலில் எவர் வரவேற்கப்பட்டார், எவர் அஞ்சி ஒதுங்கினார் என்பதைக் கேளாத ஏக்கம் வரலாறு ஆகாது.