வன்பொருள்வழி நிலைகாட்டி விளக்கு

வன்பொருள்வழி நிலைகாட்டி விளக்கு என்பது இயங்குதளத்தின் ஆணையின்றி, கருவியின் மின்சுற்றே நேரடியாக ஏற்றி அணைக்கும் எல்.ஈ.டி. விளக்கு ஆகும். பிணைய அட்டைகள் பலவற்றின் இணைப்பு விளக்கு இத்தகையதே. 2006 ஆம் ஆண்டு வெளியான லினக்சு 2.6.17 கருனியில் எல்.ஈ.டி. விளக்குகளுக்கெனத் தனித் துணையமைப்பு சேர்க்கப்பட்டது. சாதன இயக்கி விளக்கைத் தானே சிமிட்டலாம். வன்பொருள் இடந்தருமாயின் அவ்வேலையை அதனிடமே விட்டு, செயலியின் சுமையைக் குறைக்கலாம்.

கேமரா விளக்கைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு பயனரின் அந்தரங்கம் சார்ந்தது. 2008 வரையிலான சில மாக்புக் கணினிகளின் ஐசைட் கேமராவில், விளக்கு படவுணரியின் காத்திருப்பு முனையுடன் பிணைக்கப்பட்டிருந்தது. வன்பொருள் பிணைப்பாயினும் இது போதுமானதாக இல்லை. கேமராவின் நிலைபொருளை மாற்றி, அக்குறிகையை உணரி புறக்கணிக்கச் செய்து, விளக்கு எரியாமலே படம் பிடிக்கலாம் என 2013 இல் ஜான்சு ஆப்கின்சு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். உணரிக்கு மின்சாரம் செல்லும் வழியிலேயே விளக்கை இணைப்பது இதனினும் பாதுகாப்பானது.