தோளுக்கு வந்த காமிரா

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் பண்டகசாலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பவருக்குக் கைகள் இரண்டும் ஓய்வாக இருத்தல் வேண்டும். முன்னே மூட்டை வரும். பின்னே சரக்கு வண்டி வரும். அவ்வேளையில் காமிராவை எங்கே வைத்துக்கொள்வது என்பது சிறிய கேள்விதான். ஆயினும் அதற்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு உண்டு.

1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக நியமனம் பெற்றவர் கேப்டன் லினேயஸ் டிரைப். 1857 டிசம்பரில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய இடங்களைப் படம் பிடித்தார். அக்காலத்துக் காமிரா தோளில் மாட்டக்கூடியதன்று. முக்காலி, மருந்துப் புட்டிகள் முதலியவற்றுடன் மாட்டு வண்டியில் ஏறிப் போகும். ஈரக் கண்ணாடித் தகட்டை நம்பியவர்களின் பாடு இன்னும் மோசம். தகடு உலரும் முன்னரே படத்தை எடுத்துத் துலக்கிவிட வேண்டுமாதலால், இருட்டுக் கூடாரமும் உடன் போக வேண்டும்! டிரைப் மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களை மிகுதியாகக் கையாண்டு அத்தொல்லையைக் குறைத்துக்கொண்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒட்டி வைத்தார். இத்தனை சுமைக்கிடையே அவர் காட்டிய பொறுமையை நினைக்க வியப்பே மிகுகிறது.

1871-இல் உலர்தகடு வந்தது. 1888-இல் நூறு படச் சுருளுடன் கோடக் வந்தது. ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்பவர் ஆஸ்துமா நோயாளி. கனத்த தகட்டுக் காமிராவைத் தூக்கி நடக்க இயலாதவர். சினிமாச் சுருளைக் கொண்டு அவர் அமைத்த சிறு கருவியே 1925-இல் லைக்கா என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. மூச்சுத் திணறிய ஒருவரால் உலகத்தின் தோள்பாரம் குறைந்தது எனலாம்.

பாரம் குறைந்தும் நமக்கு அறிவு வந்துவிடவில்லை. வாரைக் கழுத்தில் மாட்டிக் காமிராவை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு, மட்டாஞ்சேரியிலிருந்து கோட்டைக் கொச்சி சலவைத் துறை வரை ஒரு நாள் நடந்தேன். பிடரி கடுத்தது. டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சலவைத் தொழிலாளரின் வழியினர் அங்கே இன்றும் துணி வெளுக்கின்றனர். ஆடும் காமிராவைக் கண்டதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். காட்சிப் பொருளாக இருக்க யாருக்குத்தான் விருப்பம்? பெரியவர் ஒருவர் மட்டும் தமிழில் சொன்னார்: "குறுக்கே போட்டு இடுப்போட ஒட்டிக் கட்டுங்க சார். மூட்டை ஆடினாத்தான் பாரம். உடம்போட ஒட்டிக்கிட்டா தெரியாது."

அப்படியே செய்தேன். அகன்ற வாரை இடத் தோளிலிருந்து வலப்பக்க இடுப்புக்குக் குறுக்கே இட்டு, நீளத்தைக் குறைத்து, லென்ஸை உடம்புப் பக்கம் திருப்பி, முழங்கைக்குப் பின்னே ஒதுக்கினேன். கழுத்து நோவு தணிந்தது. கருவி கண்ணிலிருந்து மறைந்ததும் மற்றவர்களும் பேச்சுக்கு வந்தனர். ஊர் எது, உறவு எது என்று விசாரித்தனர். ஒரு மணி நேரம் கழித்து, "எங்களைப் படம் எடுக்கலையா?" என்று கேட்டவரும் அப்பெரியவரே.