காசின் பிழையும் காசின் வடுவும்

நொய்யற்கரை, பண்டைத் தமிழரின் வணிக வரலாற்றை ஆராய்வார்க்குச் சிறந்த சான்றுகளை நல்கும் நிலப்பகுதியாகும். சோமனூரை அடுத்துச் செல்லும் இவ்வாற்றின் மேற்பகுதியில் வெள்ளலூரும், கீழ்ப்பகுதியில் கொடுமணலும் உள்ளன. வெள்ளலூரில் 1842, 1891, 1931 ஆகிய ஆண்டுகளில் உரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலன அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் பேரரசர் வெளியிட்டவை.

இத்தகைய காசுகளிற் காணும் குறை, அக்கசாலையில் நேர்ந்த பிழையா, பின்னர் உற்ற வடுவா என்பதை முதற்கண் துணிதல் வேண்டும். பிழை, காசடித்த நாட்டின் வரலாற்றைச் சாரும். வடு, அது வழங்கிய நாட்டின் வரலாற்றைச் சாரும். இவ்விரண்டும் மயங்கின், தமிழகத்தில் நிகழ்ந்த செயலுக்குரிய சான்று உரோமானியத் தொழிலாளரின் கைப்பிழையாகக் கழிக்கப்பட்டுவிடும்.

உரோமானியர், கீழச்சுக்கும் மேலச்சுக்கும் இடையே உலோகத் துண்டினை வைத்துச் சம்மட்டியால் அடித்துக் காசு செய்தனர். துண்டு விலகினால் உருவம் ஒருபாற் சாயும். இருமுறை அடியுண்டால் எழுத்துகள் இரட்டிக்கும். அச்சிற் பிளவு நேர்ந்தால், அப்பிளவினுள் உலோகம் புகுந்து காசின்மேற் புடைத்த கோடாகத் தோன்றும். முன்னடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் ஒருபுறத்தில் அவ்வுருவமே இடவலம் மாறிக் குழிந்து பதியும். இவை யாவும் பிழைகள்.

வடுவின் இயல்பு வேறு. உளிவெட்டு, முன்னரே அமைந்த எழுத்தையும் உருவத்தையும் ஊடறுத்துச் செல்லும்; ஒதுங்கிய உலோகம் வெட்டின் இருமருங்கும் கரையாக எழும்; நேர் பின்புறம் நசுங்கியிருத்தலும் உண்டு. எனவே, புடைத்த கோடு அச்சின் பிளவைக் காட்டும். குழிந்து கரைகட்டிய கோடு உளியைக் காட்டும் என்க. வெட்டின் விளிம்பும் தேய்ந்திருப்பின், வெட்டுண்ட பின்னரும் அக்காசு கைமாறியது எனக் கருதலாம்.

ஆயினும் வெட்டெல்லாம் வடுவாகா. முத்திரைக் காசுகளின் மூலைகள் எடையை நேர்செய்தற்பொருட்டு அக்கசாலையிலேயே நறுக்கப்பட்டன. விளிம்பின் வெடிப்பும் அடிக்கும்போதே நேரக்கூடும்.

1898-இல் புதுக்கோட்டைப் பகுதியிற் கிடைத்த 501 உரோமானியப் பொற்காசுகள் இவ்வாராய்ச்சிக்குத் தக்க சான்றாம். அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையினோர் வெளியிட்ட அவற்றுட் பெரும்பாலானவற்றில், பேரரசரின் தலைமேல் உளிவெட்டு உளது. உலோகத்தின் தூய்மையை அறிய வெட்டினர் என்பர் ஒருசாரார். வழக்கினின்று நீக்க வெட்டினர் என்பர் மற்றொரு சாரார். தூய்மையை அறிதற்கு எவ்விடத்து வெட்டினும் அமையும்; தலையையே தேர்ந்து வெட்டியமை பின்னைய கருத்திற்கு அரண் செய்கின்றது.

வடமவண்ணக்கன் தாமோதரனார் முதலிய சங்கப் புலவர் பெயர்களில் உள்ள ‘வண்ணக்கன்’ என்பதற்குக் காசு நோட்டம் செய்வோன் என்று பொருள் கூறுவர். நோட்டம் ஒரு தொழிலாகவே விளங்கியதற்கு இச்சொல் சான்றாகும். எனினும், இச்சொல் ஒன்றையே கொண்டு புதுக்கோட்டை வெட்டுகளை வண்ணக்கர் செயலெனல் பொருந்தாது.

காசினைப் புளியிட்டுத் தேய்த்துத் துலக்குவோர், விளிம்பின் தேய்வையும் வெட்டின் கரையையும் ஒருங்கே அழித்துவிடுவர். ஆதலின், துலக்குமுன் எடையிட்டு, பக்கவொளியில் உருப்பெருக்கி கொண்டு நோக்கிப் பதிவுசெய்தல் ஆய்வாளர் கடனாகும். பேரரசரின் பெயரைப் படித்தலோடு, அவர் முகத்தின்மேல் விழுந்த வெட்டினையும் படித்தாலன்றி அக்காசின் வரலாறு நிரம்பாது.