லஸ் என்கிற வெளிச்சம்

சென்னை மயிலாப்பூரில் அன்றாடம் புழங்கும் ‘லஸ்’ என்ற இடப்பெயர், ஒரு மாதா கோயிலின் நீண்ட பெயரில் எஞ்சிய கடைசிச் சொல். போர்த்துகீசியர் வைத்த பெயர் ‘நொஸ்ஸா செஞோரா டா லூஸ்’, ஒளியின் அன்னை. லத்தீனின் ‘லுக்ஸ்’ அவர்கள் மொழியில் ‘லூஸ்’ ஆயிற்று. இரண்டுக்கும் பொருள் வெளிச்சம்தான்.

கடலில் திசை தடுமாறிய மாலுமிகள் கரையில் ஓர் ஒளியைக் கண்டு பின்தொடர்ந்தார்களாம். அது காட்டுக்குள் மறைந்த இடத்தில் கோயில் எழுப்பினார்களாம். ஆனால் லிஸ்பனை ஒட்டிய கார்னிடேயில் இதே பெயரில் மாதா வழிபாடு 15ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. பெயரை ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

கோயிலின் கல்வெட்டு 1516 என்கிறது. பேத்ரோ த அத்தோகியா என்ற துறவியின் பெயரும் அதில் உண்டு. சாந்தோம் பக்கம் போர்த்துகீசியர் குடியேறியது 1520களில்தான் என்பதால் அந்த ஆண்டை ஆய்வாளர் சிலர் ஏற்பதில்லை. எப்படிப் பார்த்தாலும் சென்னையின் மிகப் பழைய ஐரோப்பியக் கட்டடங்களில் இது ஒன்று. கூர்மையான கோதிக் வளைவுகளும் பரோக் அலங்காரமும் சேர்ந்த சிறிய கோயில். உள்ளே போனால் பீடத்துக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள்: நீல விதானம், அதில் தங்கமும் வெள்ளியும் மின்னும் சித்திரங்கள். ஒளியின் பெயரைத் தாங்கிய கோயிலுக்கு இதைவிடப் பொருத்தமான கூரை இல்லை.

சொல்லுக்கு வருவோம். காதால் கேட்டு வாங்கிய போர்த்துகீசியச் சொற்களைத் தமிழ் தன் வாய்க்கு வளைத்துக்கொண்டது. ‘ஷாவே’ சாவியானது, ‘ஜனேலா’ சன்னலானது, ‘பாத்ரே’ பாதிரியானது. ‘லூஸ்’ என்பதோ நெடிலை இழந்து ‘லஸ்’ என்று நிற்கிறது. எழுத்தில் இருந்ததை ஆங்கில முறைப்படி வாசித்ததால் வந்த உச்சரிப்பு இது என்பது என் கணிப்பு.

பக்கத்தில் வாழ்ந்த தமிழர்களோ அந்தப் பெயருக்குக் காத்திருக்கவில்லை. காட்டுக்குள் இருந்ததால் ‘காட்டுக்கோயில்’ என்றார்கள். அரசன் இல்லத்துக்கும் சிவன் சன்னதிக்கும் வழங்கிய ‘கோயில்’, மாதாவுக்கும் தயக்கமின்றிக் கிடைத்தது. ‘பிரகாச மாதா ஆலயம்’ என்பது அழைப்பிதழ்களின் மொழி. காடு அழிந்து கடைத்தெருவான பின்னும் பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள் ஞாயிறு பூசைக்குப் போவது காட்டுக்கோயிலுக்குத்தான்.